முதலில் பிரிந்துவிட்டு வாருங்கள்

கல்யாணம் ஆகாமல் இருந்தவரை அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்திருப்பதில் அந்த நாட்டு அரசாங்கத்துக்கு எந்த ஆட்சேபணையும் இருக்கவில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பிழைப்புக்காக வந்து வருஷக்கணக்காகி, நிரந்தரமாகத் தங்கிக்கொள்ளலாம் என்று பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கியவன். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்த்தாள். கண்ணாடிச் சில்லைப் பிரேமின் வடிவத்துக்குத் தேய்த்துப் பொருத்தும் வேலை. வேலை அனுமதியின் பேரில் வந்தவள். ஒரு நாள் கடை இருந்த கட்டடத்தின் லிஃப்ட், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுபோனது. உள்ளே அவள் ஒருத்திதான். மாட்டிக்கொண்டவர்கள் பயப்படாமல் இருக்கப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும் என்பது கம்பெனி விதி. அவனும் கதவிடுக்கு வழியாக விதிப்படி பேச்சுக் கொடுத்தான். எந்த ஊர், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனான்.

"விளக்கு எரியுது, ஃபேன் சுத்துது. லிஃப்ட் சரியாகி ரொம்ப நேரமாச்சு போலிருக்கே?" என்று உள்ளேயிருந்து அவள் கேட்டாள்.

அப்படித் தொடங்கியது. பதிவு அலுவலகத்தில் கல்யாணம். கடை முதலாளி ஒரு சாட்சி, அவனோடு வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் இன்னொரு சாட்சி. பதிவாளர் இருவர் கையையும் குலுக்கிவிட்டு அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார். முறைப்படி நடக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அவர்கள். அதனால் அடுத்த வாரமே, கல்யாணமான செய்தியைத் தெரிவிக்கக் குடும்ப ஒருங்கிணைப்புத் துறையின் அலுவலகத்துக்குத் தாங்களாகவே போனார்கள். அவர்களாகப் போகாமல் இருந்திருந்தால் இந்தக் கதை இல்லை.

அலுவலகக் கூடத்தின் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு படம். அப்பா, அம்மா, குழந்தை மூவரும் கைகோத்துச் சிரித்துக்கொண்டு புல்வெளியில் நிற்கிறார்கள். 'குடும்பமே எங்கள் குறிக்கோள்' என்று கீழே கொட்டை எழுத்து. படத்துக்கு எதிரே நாற்காலிகள். அவற்றைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி. ஜோடியாக வந்தவர்கள் எல்லாரும் கழுத்தை நீட்டி ரகசியம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஏழாம் ஜன்னலில் இருந்த அம்மாளுக்கு இரக்கமான முகம். கல்யாணச் சான்றிதழை வாங்கிப் பார்த்ததும் முதல் வேலையாக "வாழ்த்துகள்" என்றாள். பிறகு கணினியில் எதையோ தட்டிவிட்டு, "இந்த நிமிஷத்துலேருந்து உங்க வேலை அனுமதி செல்லாதும்மா" என்றாள்.

"ஏன் மேடம்?"

"அனுமதியில என்ன போட்டிருக்கு, பாருங்க. 'மணமாகாதவர்'. நாங்க அனுமதி கொடுத்தது அந்த மணமாகாதவங்களுக்கு. அவங்கதான் இப்ப இல்லையே."

"நான்தான் மேடம் அது. இதோ நிக்கிறேன்."

"நிக்கிறீங்க, சரி. யாரா நிக்கிறீங்கன்றதுதான் கேள்வி. இவரோட மனைவிதான்னு நீங்க விண்ணப்பம் போட்டு நிரூபிக்கணும். அதுவரைக்கும் நீங்க மனைவி என்று கூறப்படுபவர்."

அவன் குனிந்து ஜன்னல் ஓட்டையருகே வாயை வைத்து, "அந்த விண்ணப்பத்தை இப்பவே கொடுத்திடறோம் மேடம்" என்றான்.

அம்மாள் கேள்விகளைப் படிக்க, அவன் சொல்லச் சொல்லத் தட்டினாள். முதல் சந்திப்பு எங்கே என்ற இடத்தில் வண்டி நின்றது.

"லிஃப்ட்ல. ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவில."

"ரெண்டா, மூணா?"

"நடுவில மேடம்."

"நடுன்னு ஒண்ணு இதுல இல்ல. முழு எண்தான் எடுத்துக்கும். ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

அவன் மூன்று என்றான். அம்மாள் மூன்று என்று போட்டாள்.

"காதலிச்சதுக்கு ஆதாரம்? ஒருத்தருக்கொருத்தர் எழுதின கடிதம், ஃபோன்ல பேசின விவரம், அந்த மாதிரி?"

"தினமும் நேர்லயே பார்த்துக்கிட்டோம் மேடம். கடிதம் எழுத வேண்டியிருக்கலை."

"இதுதான். எல்லா ஜோடியும் பண்ற தப்பு இதுதான்." அம்மாள் தட்டுவதை நிறுத்தி, வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். "சேர்ந்து இருந்தா ஆதாரம் சேராது தம்பி. கொஞ்ச நாள் பிரிஞ்சு இருந்து பாருங்க, கட்டுக்கட்டாச் சேரும். அதுவும் போக, இவங்க இங்க இருந்துக்கிட்டே விண்ணப்பிக்க வழியில்ல. எங்க துறையோட வேலை என்ன? பிரிஞ்ச குடும்பத்தைச் சேர்த்து வைக்கிறது. ஏற்கெனவே சேர்ந்து இருக்கிறவங்களை நாங்க எப்படிச் சேர்த்து வைக்க முடியும்? நீங்க முதல்ல பிரிஞ்சுட்டு வாங்க. மிச்சத்தை நாங்க பார்த்துக்கறோம்."

அவள் கல்யாணச் சான்றிதழைத் திரும்ப வாங்கி மடித்தாள். அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

"கவலைப்படாதீங்க. போன வருஷம் மட்டும் எத்தனை ஆயிரம் ஜோடியைப் பிரிச்சு..."

"பிரிச்சு?"

"பிரிச்சு ஆராய்ஞ்சு, அதுல தேறினதை எல்லாம் சேர்த்து வச்சிருக்கோம். நல்ல கையிலதான் வந்து சேர்ந்திருக்கீங்க."

*

அவள் ஊருக்குப் போனாள். அண்ணன் வீட்டில் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். கல்யாணம் ஆன கையோடு தனியாக வந்து இறங்கியவளை அக்கம்பக்கம் ஒரு மாதிரியாகப் பார்த்தது. "விசாவுக்காக வந்திருக்கா" என்று அண்ணி சொல்லிப் பார்த்தாள். "விசாவுக்காக அங்க போவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கோம்" என்றார்கள்.

ஆதாரம் சேர்க்கும் வேலையை இருவரும் ஒழுங்காகச் செய்தார்கள். நாள் தவறாமல் பேசினார்கள். பேசியதற்குச் சான்றாக ஃபோன் கம்பெனியிடமிருந்து விவரத்தாள் வாங்கினான். கடிதமும் எழுதினார்கள். எழுதிப் பழக்கமில்லாததால் அவன் கடிதங்களில் பெரும்பாலும் அன்றைக்கு எந்தக் கட்டடத்தில் என்ன பழுது என்பதே இருந்தது. 'அன்பே' என்று ஒரு இடத்திலாவது போடச் சொல்லி அவள்தான் ஃபோனில் நினைவுபடுத்துவாள்.

ஒரு பிற்பகல், பழைய அரசு மருத்துவமனைக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து கம்பிவடத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது அவள் அழைத்தாள்.

"எங்க இருக்கே?"

"கூண்டு மேல."

"கெட்டியாப் பிடிச்சுக்க. உட்கார்ந்துதானே இருக்கே? நான் ஒண்ணு சொல்லுவேன், நீ குதிக்கக் கூடாது."

அவள் சொன்னாள். அவன் குதிக்கவில்லை. ஆனால் போட்ட கூச்சல் அந்த இருட்டுக் கிணற்றில் மேலும் கீழும் ஓடி, ஒவ்வொரு மாடியிலும் காத்துக்கொண்டிருந்தவர்கள் கதவைத் தட்டி "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள்.

"இதையும் எழுதிப் போட்டுடலாமா? துறைக்கு?" என்று அவன் கேட்டான்.

"அவங்களுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்ப்பா. கொஞ்ச நாள் நாம மட்டும் வச்சுக்குவோம்" என்றாள்.

*

அடுத்ததாக ஆய்வாளர் வந்தார். கணவனும் மனைவி என்று கூறப்படுபவரும் ஒரே வீட்டில் வாழ்கிறார்களா என்று நேரில் பார்த்து அறிக்கை கொடுப்பது அவர் வேலை. குள்ளமான மனிதர். கழற்றிய ஷூவை வாசலில் விடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினார்.

"அவங்க எங்க?"

"ஊருக்குப் போயிருக்காங்க சார். உங்க துறைதான் போகச் சொன்னது."

"அது ஏழாம் ஜன்னல். நான் களப்பிரிவு. எனக்கு அது தெரியவேண்டிய அவசியமில்ல." குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்: "மனைவி என்று கூறப்படுபவர், ஆய்வின்போது, வீட்டில் காணப்படவில்லை."

அலமாரியைத் திறந்து காட்டினான். அவளுடைய சேலைகள், கடைக்குப் போட்டுக்கொண்டு போகும் நீல மேலங்கி, சீப்பில் சிக்கியிருந்த நீள முடி. ஆய்வாளர் முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "துணிமணி உண்டு, ஆள் இல்லை" என்று எழுதினார். சமையலறையில் ஒவ்வொரு தட்டாக எடுத்துத் திருப்பிப் பார்த்து, தடவியும் பார்த்தார்.

"என்ன சார் தேடறீங்க?"

"ஒரு கீறல், ஒரு உடைசல். ஒண்ணுமே இல்லையே! சண்டையே போட்டதில்லையா நீங்க?"

"போட்டிருக்கோம் சார். தட்டை எல்லாம் எறிஞ்சதில்ல."

ஆய்வாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தம்பி, என் அனுபவத்துல சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஏறி இறங்காத படுக்கையறை இந்த ஊர்ல இல்ல. எந்தத் தலையணையில எந்தத் தலை படுத்திருக்குன்னு மோந்து பார்த்தே சொல்லிடுவேன். துறையில எனக்குப் பதக்கம் கொடுத்திருக்காங்க. பதக்கம் வாங்கப் போனப்ப என் சம்சாரம் வரல. அவ வீட்டை விட்டுப் போய் ரெண்டு மாசம் ஆகியிருக்கு, எனக்குத் தெரியல. நாள் முழுக்க அடுத்தவங்க வீட்டையே பார்த்துக்கிட்டிருக்கோமா, நம்ம வீட்டுல ஆள் குறையறது கண்ணுல படலை. அதனால நான் இதை எல்லாம் சொந்த வெறுப்புல செய்யறேன்னு நினைச்சுடாதீங்க. முழுக்க முழுக்கப் பயிற்சி."

போகும்போது ஷூவை மாட்டிக்கொண்டு, "வீடு சுத்தமா வச்சிருக்கீங்க. அதுவும் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும்" என்று நல்லதுக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

*

அறிக்கை பாதகமாக இருந்ததால் இருவரையும் ஒரே நேரத்தில் தனித்தனியாக விசாரிப்பது என்று துறை முடிவு செய்தது. அவனுக்கு இங்கே. அவளுக்கு அங்கே, தூதரகத்தில். அண்ணன் வீட்டிலிருந்து தூதரகம் இருந்த நகரத்துக்கு ஒரு பகல் முழுக்கப் பஸ் பயணம். "கூட வர்றேன்" என்று அண்ணி சொன்னாள். கூட வருபவர்களுக்கு அனுமதியில்லை என்று அழைப்பிலேயே அச்சடித்திருந்தார்கள்.

தூதரகக் கூடத்தில் 'மனைவியர் அமருமிடம்' என்று பலகை தொங்கியது. அதன் கீழே நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. அவள் போய் உட்கார்ந்தாள். காவலாளி வந்து அழைப்பைக் காட்டச் சொன்னான்.

"நீங்க 'மனைவி என்று கூறப்படுபவர்'மா. இது மனைவிக்கு."

"கொஞ்சம் முடியலைங்க. யாரும் இல்லையே, உட்கார்ந்துக்கறேனே."

"உங்களை உட்கார விட்டா, உங்களை மனைவின்னு தூதரகம் ஒத்துக்கிட்டதா ஆயிடும். என் வேலை போயிடும்."

அவள் நின்றாள். கூப்பிடுகிறவரைக்கும் நின்றாள். உள்ளே போன பிறகு கேள்விகள். கட்டிலில் யார் எந்தப் பக்கம், அவர் குறட்டை விடுவாரா, டீயில் சர்க்கரை உண்டா, கடைசியாக எதற்காகச் சண்டை, முதலில் பேசியது யார். இங்கே அவனிடமும் அதே கேள்விகள்.

முடிவு ஒரு வாரத்துக்குள் வந்தது. கணவர் சொன்னதும் மனைவி என்று கூறப்படுபவர் சொன்னதும் கட்டில் முதல் சர்க்கரை வரை முழுக்கப் பொருந்துவதால், இருவரும் ஒத்திகை பார்த்திருப்பதாகத் துறை ஐயுறுகிறது. பொருந்தாத விடை ஒன்றே ஒன்று. முதல் சந்திப்பு மூன்றாம் மாடி என்று விண்ணப்பம் சொல்கிறது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே என்று மனைவி என்று கூறப்படுபவர் சொல்கிறார். ஆகவே அப்படி ஒரு சந்திப்பு நடந்ததா என்பதும் ஐயத்துக்குரியது. கோப்பு உண்மைத்தன்மைக் குழுவின் பார்வைக்கு அனுப்பப்படுகிறது.

இந்தக் கடிதம் வருவதற்குள் இன்னொன்று நடந்து முடிந்திருந்தது. தூதரகத்திலிருந்து திரும்பும் பஸ்ஸிலேயே அவளுக்கு இடுப்பு வலி எடுத்தது. இறங்கி ஆட்டோவில் ஏறும்போது சேலை நனைந்திருந்தது. செய்தியைச் சொன்னது அண்ணிதான்.

"தம்பி, பதறாதீங்க. அவ நல்லா இருக்கா. ஆஸ்பத்திரியிலதான் இருக்கோம்." அண்ணி கொஞ்சம் நிறுத்தினாள். "அவ மட்டும் நல்லா இருக்கா."

அவன் அப்போது ஒரு துணிக்கடையில் லிஃப்ட் கதவைக் கழற்றிப் போட்டிருந்தான். திறந்த வாசல் வழியாகக் கீழே இருட்டு தெரிந்தது. கதவை மாட்டாமல் போனால் யாராவது விழுந்துவிடுவார்கள் என்பதால், ஒவ்வொரு திருகாணியாக மாட்டி முடித்துவிட்டு ஏழாம் ஜன்னலுக்குப் போனான்.

"ஒரு நாலு நாள் ஊருக்குப் போயிட்டு வரணும் மேடம்."

"காரணம்?"

அவன் வாயைத் திறந்தான். 'நாம மட்டும் வச்சுக்குவோம்' என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. "உடம்பு சரியில்ல" என்றான்.

"யாருக்கு?"

"மனைவிக்கு."

"அது இன்னும் முடிவாகலையே தம்பி." அம்மாளின் முகத்தில் அதே இரக்கம். "போகக் கூடாதுன்னு யாரும் கட்டிப் போடலை. ஆனா நீங்க அங்க போய் அவங்களோட சேர்ந்துட்டீங்கன்னா, சேர்த்து வைங்கன்னு இங்க ஒரு விண்ணப்பம் எதுக்கு? தானா காலாவதி ஆயிடும். திரும்பி வந்து முதல்லேருந்து ஆரம்பிக்கணும். இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, கெடுத்துக்காதீங்க."

அவளும் அதையேதான் சொன்னாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து மெலிந்த குரலில், "வராதே. வந்தா திரும்பவும் முதல்லேருந்து. என்னால இன்னொரு தடவை அங்க போய் நிக்க முடியாது" என்றாள்.

"மாத்திரை போட்டியா? ரெஸ்ட் எடு" என்றான் அவன். வேறு எதைச் சொல்வது என்று தெரியவில்லை.

"ஒண்ணு மட்டும் செய்ப்பா. இதை அவங்ககிட்ட கொடுத்துடாதே. கட்டில்ல எந்தப் பக்கம் படுக்கிறோம்ங்கிறது வரைக்கும் கொடுத்தாச்சு. இது வேணாம். இது நம்மளோடது."

"சத்தியமாக் கொடுக்க மாட்டேன்" என்றான்.

*

உண்மைத்தன்மைக் குழு என்பது மூன்று பேர். தலைவர், ஓர் உறுப்பினர் அம்மையார், பேசுவதை எல்லாம் தட்டெழுதும் ஒரு எழுத்தர். அறையில் கம்பளம் விரித்திருந்தது. மேஜைமேல் தண்ணீர் ஜாடியும் டம்ளரும் காகிதக் கைக்குட்டைப் பெட்டியும் தயாராக இருந்தன. எழுத்தர் பெட்டியை அவன் கைக்கெட்டும் தூரத்துக்கு நகர்த்தி வைத்தார்.

தலைவருக்கு நரைத்த தலை, இதமான குரல். கோப்பை மூடி வைத்துவிட்டே பேசினார்.

"நாங்க யாரும் கல்லு இல்ல தம்பி. உங்களைப் பார்த்தா நல்லவராத்தான் தெரியுது. ஆனா பார்த்தாத் தெரியறதை நாங்க நம்பக் கூடாது. நானும் சேர்ந்த புதுசுல எல்லாரையும் நம்பிக்கிட்டுதான் இருந்தேன். கோப்பு மளமளன்னு முடிஞ்சுது. கோப்பு முடிஞ்சா பிரிவுக்கு வேலை இல்லைன்னு ஆளைக் குறைக்கப் பார்த்தாங்க. எனக்குக் கீழ குடும்பம் குட்டியோட எத்தனை பேரு! அவங்களைத் தெருவுல விட முடியுமா? அன்னையிலேருந்து சந்தேகப்பட ஆரம்பிச்சேன். பிரிவு வளர்ந்தது. இன்னைக்கு இந்தக் கட்டடத்துல மூணு மாடி எங்களோடது. குடும்பத்தோட அருமை எங்களுக்குத் தெரியாதுன்னு மட்டும் யாரும் சொல்லிடக் கூடாது."

அம்மையார் ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினாள். கல்யாணத்தன்று எலக்ட்ரீஷியன் எடுத்தது. "இதுல ரெண்டு பேரும் சிரிக்கிறீங்க" என்றாள்.

"ஆமா மேடம்."

"எல்லாரும் சிரிக்கிறாங்க. எங்ககிட்ட வர்ற ஒவ்வொரு போலிக் கல்யாணத்துலயும் சிரிக்கிறாங்க. சந்தோஷத்தை யாரு வேணும்னாலும் நடிச்சிடலாம். சந்தோஷம் எங்களுக்கு ஆதாரமே இல்ல."

"கஷ்டம் ஏதாவது இருந்தாச் சொல்லுங்க," என்றார் தலைவர். "ரெண்டு பேரும் சேர்ந்து பட்டது. பெருசா, பதிவாகிற மாதிரி."

"பிரிஞ்சு இருக்கோமே சார். அது கஷ்டம்தானே?"

"அது நாங்க கொடுத்தது. அதை எங்ககிட்டயே ஆதாரமாக் காட்ட முடியாது."

அம்மையார் இழுப்பறையைத் திறந்து சிவப்பு மைப்பெட்டியை எடுத்து வைத்தாள். மூடியைத் திறந்தாள். நிராகரித்தால் மறுபடி விண்ணப்பிக்க ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்றும், அப்போதும் தூதரகத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றும் தலைவர் வருத்தத்தோடு எடுத்துச் சொன்னார். அவள் சொல்லியிருந்த தூதரகத்துக் காலி நாற்காலிகள் அவன் கண்ணில் வந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் அவள் நிற்பது வந்தது.

அம்மையார் முத்திரையை மையில் ஒற்றினாள்.

"ஒரு குழந்தை இருந்தது" என்றான்.

எழுத்தரின் விரல்கள் நின்றன. "இருந்ததா, இருக்கிறதா?"

"இருந்தது."

தலைவர் நாற்காலியில் நிமிர்ந்தார். அம்மையார் முத்திரையைப் பக்குவமாக ஓரத்தில் வைத்தாள். அவன் சொல்ல ஆரம்பித்தான். கூண்டின் மேல் உட்கார்ந்து சேதி கேட்டது, பஸ், சேலை, அண்ணி சொன்ன வார்த்தை. பாதியில் குரல் உடைந்தது. அதுவரை யாரிடமும் சொல்லாதது, யார் முன்னாலும் அழாதது, எல்லாம் சேர்ந்து அந்தக் கம்பளத்து அறையில் பிய்த்துக்கொண்டு வந்தது. மேஜையில் தலையை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. எத்தனையாவது வாரம்?" என்று எழுத்தர் கேட்டார். பிறகு தலைவர் பக்கம் திரும்பி, "அழுகையைப் பதிவு பண்ணணுமா சார்?"

"பண்ணு. 'தானாக'ன்னு சேர்த்துக்க."

தலைவர் எழுந்து வந்து தம் கையாலேயே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. "இதை ஏம்ப்பா இத்தனை நாள் உள்ளயே வச்சிருந்தீங்க? இது இருந்திருந்தா ஆய்வாளர் எதுக்கு, தூதரகம் எதுக்கு? எவ்வளவு வலுவான விஷயம்!"

"நல்லவேளை" என்று பெருமூச்சு விட்ட அம்மையார், சட்டென்று "பாவம்" என்று திருத்திக்கொண்டாள். எழுத்தர் முதல் சொல்லை நீக்கிவிட்டு இரண்டாவதை வைத்துக்கொண்டார்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்று தலைவர் கேட்டார். சொன்னான். அங்கேயே ஃபோன் போட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து உறுதிப்படுத்திக்கொண்டு, அன்றே பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். இவ்வளவு வேகமாக ஒரு கோப்பு முடிந்தது துறை வரலாற்றிலேயே இதுதான் முதல் தடவையாம். கதவு வரை வந்து கை குலுக்கினார்.

"வாழ்த்துகள் தம்பி. இப்ப அவங்க உங்க மனைவி."

*

"கிடைச்சிடுச்சு" என்று ஃபோனில் சொன்னான்.

"நிஜமாவா? எப்படி?"

"என்னமோ, மனசு வந்திருக்கு அவங்களுக்கு."

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு முதன்முறையாக அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவன் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டான். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். வந்து இறங்கட்டும், ரெண்டு நாள் ஆகட்டும்.

விமானம் காலையில் வந்தது. வருகிறவர்களைச் சோதிக்கும் கூடத்துக்கும் காத்திருப்பவர்களுக்கும் நடுவே பெரிய கண்ணாடிச் சுவர். உள்ளே நடப்பது தெரியும், கேட்காது. அவள் வரிசையில் நகர்ந்து வந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். அவனைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினாள். அவனும் ஆட்டினான்.

மேஜையில் ஒரு இளம் அதிகாரி. அவளுடைய பாஸ்போர்ட்டை வாங்கிக் கணினியில் வைத்துப் பார்த்தான். முத்திரை குத்தினான். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தவன், திரையில் எதையோ கவனித்துவிட்டு எழுந்து நின்றான். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டான். திரையை ஒரு கண்ணால் பார்த்தபடி, வாசிக்கிற மாதிரி ஏதோ சொன்னான். சொல்லி முடித்துத் தலையைத் தாழ்த்தினான்.

அவள் மெல்லத் திரும்பிக் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் வாங்க வந்தபோது கொடுக்கவில்லை. பாதி வழியில், வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"'உங்கள் இழப்புக்குத் துறை தன் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறது.' நல்ல பையன். எழுந்து நின்னு சொன்னான்."

"கையில முத்திரையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. வேற வழி தெரியலை."

"ம்."

வீட்டில் எல்லாம் அவள் விட்டுப் போனபடியே இருந்தது. முகம் கழுவிக்கொண்டு சமையலறை மேஜையில் வந்து உட்கார்ந்தாள். அவன் டீ போட்டு வைத்தான். அவள் அதைத் தொடவில்லை.

"சொல்லு" என்றாள்.

"என்ன சொல்ல?"

"அவங்ககிட்ட சொன்னதை. எங்கிட்ட நீ ஒரு தடவைகூட அதைப் பத்திப் பேசலை. நான் எடுத்தாலும் மாத்திரை போட்டியா, ரெஸ்ட் எடுன்னு மாத்திடுவே. உனக்குப் பேசத் தெரியாது, பாவம்னு நினைச்சுக்கிட்டேன். அவங்ககிட்ட எப்படிச் சொன்னியோ, அப்படியே எனக்கும் சொல்லு."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கூண்டின் மேல் உட்கார்ந்திருந்ததிலிருந்து ஆரம்பித்தான். வாரம் சொன்னான். ஆஸ்பத்திரி பேர் சொன்னான். பஸ், சேலை, அண்ணி. ஒன்றையும் விடவில்லை. வார்த்தைகள் தங்குதடை இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தட்டெழுத ஏதுவாக இருந்த அதே வேகம்.

"இந்த இடத்துல அழுதியா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நிறையவா?"

"நிறுத்த முடியலை. தலைவர் எழுந்து வந்து தண்ணி கொடுத்தார்."

அவள் காத்திருந்தாள். அவனும் காத்திருந்தான். தொண்டையை இறுக்கிப் பார்த்தான். கண்ணை மூடி, அந்தத் துணிக்கடையை, கழற்றிய கதவை, கீழே தெரிந்த இருட்டை எல்லாம் நினைத்துப் பார்த்தான். எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கண்ணில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

"வரலையா?"

"வரலை" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். அண்ணன் வீட்டில் நாலு பேர் காதுக்குப் பயந்து அடக்கி வைத்திருந்த அழுகை. மேஜை ஆடியது. என்ன செய்வதென்று தெரியாமல் அவன் எழுந்தான். குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தான்.

அழுகை ஓய்ந்ததும் அவள் அதை எடுத்துக் குடித்தாள்.

"ரொம்ப நன்றிங்க" என்றாள், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஓர் ஆளிடம் சொல்வது போல.